தலைக்காயத்துக்குப் பிறகு: எந்த மறுவாழ்வுப் பிரிவு, எந்த முறை?

தலையில் பலத்த அடிபட்ட ஒருவர் ஐசியுவைக் கடந்து, சுவாசக் குழாய் எடுக்கப்பட்டு, கண் திறந்து பார்க்கத் தொடங்கியதும் குடும்பத்தாரின் வாயில் முதலில் வரும் கேள்வி இதுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தெரபி கொடுப்பீர்கள்?" மறுவாழ்வுப் பிரிவுகளும் அந்தக் கேள்விக்குத் தயாராகவே இருக்கின்றன. கால அட்டவணையை எடுத்துக் காட்டுகிறார்கள். கருவிகள் நிறைந்த பெரிய கூடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க அது போதாது. அந்த மணி நேரங்களுக்குள் நோயாளி என்ன செய்கிறார், அவர் இப்போது இருக்கும் கட்டத்துக்கு அது பொருந்துகிறதா, அந்த அறைக்குள் குடும்பத்துக்கு இடம் உண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும். பல ஆண்டுகள் பார்த்தும் படித்தும் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு, இவைதான் அதிக எடை உள்ளவை என்பது.

என் அண்ணன் சாலை விபத்தில் தலைக்காயம் பட்டு, அடுத்தடுத்து இரண்டு மறுவாழ்வுப் பிரிவுகளில் உள்நோயாளியாக இருந்தார். இரண்டிலும் அக்கறையுள்ள மனிதர்கள்தாம் வேலை செய்தார்கள். ஆனாலும் இரண்டும் இரண்டு உலகங்கள். நான் மருத்துவன் அல்லன். கூடவே இருந்து கவனித்துக்கொண்டவன். ஏன் இந்த வேறுபாடு, எது சரி என்ற கேள்வி என்னை விடவில்லை. இதே நிலையில் இன்று ஒரு கட்டிலின் அருகே அமர்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குச் செய்வதையே தலைக்காயத்துக்கும் செய்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு ரத்தக் குழாய் ஊட்டிவந்த பகுதி பாதிக்கப்படுகிறது. வேகமாகப் போய்க்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கும்போதோ திருகப்படும்போதோ நடப்பது வேறு. மண்டையோட்டின் கரடுமுரடான உட்பரப்பில் மோதி மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் கன்றிப்போகின்றன. நீண்ட நரம்பிழைகள் ஆங்காங்கே இழுபட்டு அறுகின்றன. இதனால், கை கால் நன்றாக இயங்கும் ஒருவர்கூட ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. காலையில் பேசியது மதியம் நினைவில் இருக்காது. காரணமே இல்லாமல் சீறுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு ஒரு குறையும் இல்லை என்று மனதார நம்புவார். குடும்பத்தை அதிகம் வாட்டுவது இதுதான். பிடிவாதம் என்று நினைத்து உறவினர்கள் வாதாடுகிறார்கள். தன்னையே கவனித்துத் திருத்திக்கொள்ளும் மூளைப் பகுதி அடிபட்டிருக்கும்போது வாதம் எங்கே போய்ச் சேரும்?

காயத்தின் கடுமையை முதல் நாட்களில் கிளாஸ்கோ கோமா அளவுகோலால் அளக்கிறார்கள். 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கியது. 3இலிருந்து 15 வரை மதிப்பெண், 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்த பிறகு இதைவிடப் பயன்படுவது, கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் 1970களில் பிறந்த ராஞ்சோ அளவுகோல். எதற்கும் அசைவில்லாத நிலையிலிருந்து, குழப்பமும் கொந்தளிப்பும் நிறைந்த நான்காம் படி வழியாக, நோக்கத்தோடு தானே செயல்படும் நிலைவரை முதலில் எட்டுப் படிகள். பின்னாளில் பத்தாக விரித்தார்கள். "இவர் இப்போது ராஞ்சோவில் எத்தனையாவது படி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் அங்கே கட்டத்துக்கு ஏற்ற சிகிச்சை நடக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது. நான்காம் படியில் இருப்பவருக்கும் ஏழாம் படியில் இருப்பவருக்கும் ஒரே அட்டவணை தரும் பிரிவில் மணிக் கணக்கு எவ்வளவு இருந்தும் பயன் குறைவு.

சரி, மணிக் கணக்கு உண்மையில் எவ்வளவு உதவுகிறது? அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின்கீழ் வரும் உள்நோயாளி மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அந்த எண் ஓர் ஒழுங்குமுறைக்காக வைத்த எண். காயம்பட்ட மூளையை ஆராய்ந்து கண்டுபிடித்த எண் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாங்காங்கில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 68 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போல இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு நான்கு மணி நேரம், மற்றதற்கு இரண்டு மணி நேரம். முதல் இரண்டு மூன்று மாதங்களில் நான்கு மணி நேரப் பிரிவில் கூடுதலானோர் நல்ல நிலையை எட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. மூளைக்காயம் பட்ட, உழைக்கும் வயதினருக்கான பல்துறை மறுவாழ்வு பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் புதுப்பித்த மீளாய்வு 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய இதே: தீவிரமான பயிற்சி முன்னேற்றத்தை விரைவுபடுத்துகிறது.

விரைவு சிறிய விஷயம் அன்று. ஒரு மாதம் முன்னதாக எழுந்து நடப்பவர் ஒரு மாதம் முன்னதாக வீடு திரும்புகிறார். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, மூட்டு இறுக்கம் ஆகியவற்றின் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே நாளுக்கு அரை மணி நேரம் பிசியோதெரபி செய்துவிட்டு மீதி நேரம் கட்டிலில் கிடத்தும் இடத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஆனால் மூன்று மணி நேரத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கும் இடையே தேர்வு என்று வரும்போது அந்த ஒரு மணி நேரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தலைக்காயம் பட்டவரின் களைப்பு உடற்களைப்பைப் போன்றதன்று. ஓய்வெடுத்தாலும் உடனே தீராது. அட்டவணையில் நான்கு மணி நேரம் எழுதியிருக்கும், மூன்றாவது மணி நேரத்தில் நோயாளி நாற்காலியில் சரிந்து தூங்கிக்கொண்டிருப்பார். அதுவும் கணக்கில் சேரும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒன்பது, கனடாவில் ஒன்று என்று பத்து மறுவாழ்வு மையங்களில் 2,130 தலைக்காய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, ஒவ்வொரு சிகிச்சை அமர்விலும் யார் என்ன செய்தார், எவ்வளவு நேரம் செய்தார், நோயாளி எவ்வளவு முயன்றார் என்று அமர்வு அமர்வாகப் பதிவு செய்தார்கள். இதன் கட்டுரைகள் 2015இலிருந்து வெளிவந்தன. மறுவாழ்வு என்ற சொல்லுக்குள் அதுவரை மூடிக் கிடந்ததை இந்தப் பதிவுகள் திறந்து காட்டின என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. 'நாளுக்கு மூன்று மணி நேரம் தெரபி பெற்றார்' என்ற ஒற்றை வரிக்குள் ஒருவர் முளைக்குச்சிகளைப் பலகையில் செருகிக்கொண்டிருந்திருக்கலாம். இன்னொருவர் சலவை இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டுவந்தன.

அந்தப் பதிவுகளிலிருந்து தெரிந்தவற்றுள் ஒன்று, மொத்த நேரத்தைக் காட்டிலும் நோயாளியின் முயற்சியும், எளிய பயிற்சிகளைத் தாண்டிய சிக்கலான செயல்களில் செலவிட்ட நேரமும் நல்ல விளைவோடு சேர்ந்துவந்தன என்பது. 2019இல் அதே தரவுகளிலிருந்து வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: சிகிச்சை நேரத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வாழ்க்கைச் செயல்களுக்குள் நடந்தது, எவ்வளவு பங்கு வாழ்க்கையோடு தொடர்பில்லாத தனிப் பயிற்சியாக நடந்தது? நினைவாற்றல் பயிற்சியை அட்டைகளை வைத்தும் செய்யலாம். வாங்க வேண்டிய பொருட்களை எழுதிக்கொண்டு கடைக்குப் போய் வாங்கிவருவதாகவும் செய்யலாம். சமநிலைப் பயிற்சியைப் பந்தின் மேல் உட்கார்ந்தும் செய்யலாம். குனிந்து சட்டையை எடுத்து அலமாரியில் மாட்டுவதாகவும் செய்யலாம். வாழ்க்கைச் செயல்களின் பங்கு கூடியவர்கள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் ஆண்டில் வீட்டுக்கு வெளியே போவதிலும் மற்றவர்களோடு கலந்து வாழ்வதிலும் மேலான நிலையில் இருந்தார்கள்.

எனக்கு இந்த முடிவு புதிதாக இல்லை. அண்ணனிடம் அதைக் கண்ணால் பார்த்திருந்தேன். முதல் பிரிவில் அவர் கணினித் திரையில் நிறங்களைப் பொருத்தினார். நாளுக்கு நாள் மதிப்பெண் ஏறியது. எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறைக்குத் திரும்பியதும் பல் துலக்கப் போய், பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பார். திரையில் கூடிய கவனம் குழாயடிக்கு வந்து சேரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான். இரண்டாவது பிரிவில் திரையே இல்லை. காலையில் செயல்முறை சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) நேராக அறைக்கு வந்தார். முகம் கழுவுவது, சவரம் செய்வது, உடுத்துவது, படுக்கையை ஒழுங்குபடுத்துவது, அன்றைய வேலைகளை ஒரு சிறிய நோட்டில் எழுதுவது ஆகியவைதான் முதல் அமர்வு. ஒவ்வொரு படியும் நோட்டில் இருந்தது. செய்து முடித்ததும் அவரே அடித்துவிட வேண்டும். பிரஷும் பற்பசையும் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில். பார்ப்பதற்கு இது சிகிச்சையாகவே தோன்றாது. "இதை நாங்களே செய்துவிட மாட்டோமா?" என்று அண்ணி முதல் நாள் கேட்டார். சிகிச்சையாளர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "நீங்கள் செய்துவிடுவீர்கள் அம்மா. அவர் செய்ய வேண்டும்."

இதற்குப் பின்னால் உறுதியான காரணம் இருக்கிறது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச் சென்று பொருத்துவது நெற்றிப் பகுதி மூளையின் பெரிய வேலைகளுள் ஒன்று. தலைக்காயத்தில் அடிபடுவதும் அதுவே. நல்ல மூளை உள்ளவர் கூடத்தில் கற்றதைக் குளியலறைக்குத் தானாகவே கொண்டுபோவார். காயம்பட்டவருக்கு அந்தப் பாலம் இடிந்திருக்கிறது. எனவே எங்கே பயன்பட வேண்டுமோ அங்கேயே கற்பிக்க வேண்டும். அறிவாற்றல் மறுவாழ்வுக்கான இன்காக் என்ற பன்னாட்டு வல்லுநர் குழுவின் வழிகாட்டுதல்களும், வாழ்க்கைச் சூழலிலிருந்து பிரித்த கணினிக் கவனப் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்வதை நம்பியிருக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. பளபளப்பான திரைகளைக் காட்டி 'மூளைப் பயிற்சிக் கூடம்' என்று பெருமைப்படும் பிரிவுகள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து மைய ஆய்வு நடப்பதைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. மேலான நிலையில் இருந்தவர்களுக்கே வாழ்க்கைச் செயல்கள் அதிகம் கொடுக்கப்பட்டிருக்கலாமே என்ற ஐயம் எழும். புள்ளியியல் முறைகளால் அதைச் சரிசெய்ய முயன்றிருக்கிறார்கள். ஆயினும் குலுக்கல் ஆய்வின் உறுதி அதற்கு வராது.

குலுக்கல் முறையில் நடந்த பெரிய ஒப்பீடு 2008இல் வெளியானது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நான்கில், 360 பேர். ஒரு பிரிவினருக்கு அறிவாற்றலை மையமாக வைத்த கற்பித்தல்: கவனம், நினைவு, தன் குறையை உணர்தல், தானே திருத்திக்கொள்ளுதல். மற்றப் பிரிவினருக்கு உண்மையான செயல்களைச் செய்யவைத்து, தவறு நேராமல் வழிநடத்தும் அனுபவமுறை. ஓராண்டு கழித்து, யார் தனித்து வாழ்கிறார், யார் வேலைக்கோ படிப்புக்கோ திரும்பினார் என்று பார்த்தபோது மொத்தத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சிகிச்சை முடிந்த உடனே அறிவாற்றல் பிரிவினர் சிந்தனைத் திறனில் முன்னே இருந்தார்கள். உட்பிரிவுகளில் இளையவர்களுக்கு அறிவாற்றல் முறை வேலைக்குத் திரும்ப உதவியது. வயதில் மூத்தவர்களுக்கு அனுபவமுறை தனித்து வாழ உதவியது. இந்த உட்பிரிவு முடிவுகளை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஆனாலும் எனக்கு இதில் ஒரு பொருள் தெரிகிறது. இந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் வழக்கமான பிசியோதெரபியும் செயல்முறை சிகிச்சையும் தினமும் நடந்தன. இரண்டுமே ஒழுங்கான, ஆட்கள் நிறைந்த பிரிவுகள். நல்ல இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் இடையே வேறுபாடு சிறிதாகத்தான் இருக்கும். நம்மில் பலருக்கு முன்னால் இருக்கும் தேர்வு அப்படிப்பட்டதன்று.

இன்னோர் ஆய்வு இதைவிடவும் சிந்திக்க வைக்கிறது. 2000இல் வெளியானது; வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் 120 படைவீரர்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு எட்டு வாரம் மருத்துவமனையில் தீவிர அறிவாற்றல் மறுவாழ்வு. மீதிப் பேர் வீட்டிலேயே. செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, ஒரு மனநல நர்ஸ் வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசினார். ஓராண்டு கழித்து மருத்துவமனைப் பிரிவில் 90 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 94 விழுக்காட்டினரும் வேலையில் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு, உள்நோயாளி மறுவாழ்வே தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்கள் காயத்துக்கு முன் உடல்தகுதி மிகுந்த இளைஞர்கள். ஆய்வில் சேரும்போதே நடமாடக்கூடிய நிலையில் இருந்தவர்கள். அவர்களுள்ளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவின்றிக் கிடந்தவர்களைத் தனியே பார்த்தபோது, மருத்துவமனைப் பிரிவினரில் 80 விழுக்காட்டினர் பணித்தகுதி பெற்றார்கள், வீட்டுப் பிரிவினரில் 58 விழுக்காட்டினர்தாம். காயம் கடுமையாக ஆக உள்நோயாளிச் சிகிச்சையின் மதிப்பு கூடுகிறது. எழுந்து நடந்து, பேசி, தன் குறையை ஓரளவு உணர்ந்தவருக்கு வீடும் நல்ல சிகிச்சைக்கூடமே.

இனி, குடும்பங்கள் அதிகம் அஞ்சும் கட்டத்துக்கு வருகிறேன். கோமாவிலிருந்து மீண்டவர் நேராகத் தெளிவுக்கு வருவதில்லை. நடுவே ஒரு காலம் இருக்கிறது. கண் திறந்திருக்கும், பேசுவார், ஆனால் புதிதாக எதுவும் மனதில் பதியாது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. காயத்துக்குப் பிந்தைய மறதிக் காலம் என்பது இதுதான். சிலருக்குச் சில நாள், சிலருக்குப் பல வாரம். நான்கு வாரத்தைத் தாண்டினால் காயம் மிகக் கடுமையானது என்று கணக்கிடுகிறார்கள். இந்தக் காலத்தில்தான் கொந்தளிப்பு வருகிறது. குழாயைப் பிடுங்குவார், கட்டிலைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார், பெற்றவளையே அடிப்பார்.

இங்கே பிரிவுக்குப் பிரிவு பெரிய வேறுபாடு. ஒரு வகையினர் கையைக் கட்டிப்போட்டு மயக்க மருந்து தருகிறார்கள். ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநல மருந்துகள் காயம்பட்ட மூளையின் மீட்சியைத் தாமதப்படுத்தலாம் என்று விலங்கு ஆய்வுகள் எச்சரித்திருக்கின்றன. ஆபத்தான கொந்தளிப்பில் மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் வேலையாக மருந்து என்றால் அந்த இடத்தில் ஏதோ குறை இருக்கிறது. மற்ற வகையினர் சூழலை மாற்றுகிறார்கள். ஒரே நேரத்தில் ஓர் ஆள்தான் பேச வேண்டும். தொலைக்காட்சி கிடையாது. இரவில் விளக்கு அணைந்திருக்கும். தூக்கத்தைக் காப்பது முதல் கடமை. கட்டிலைத் தரையோடு தாழ்த்திவிட்டால் குதித்தாலும் காயமில்லை. நடக்கத் துடிப்பவரை அடக்காமல் கூடவே நடந்து அழைத்துச் செல்வார்கள். வலி, மலச்சிக்கல், சிறுநீர் நிரம்பிய பை ஆகியவையும் கொந்தளிப்பாக வெளிப்படும். அவற்றை முதலில் தேடுவார்கள். அண்ணன் இரவெல்லாம் கத்திய நாட்களில் ஒரு நர்ஸ் சிறுநீர்க் குழாயின் அடைப்பைக் கண்டுபிடித்தார். அன்றிரவு அண்ணன் தூங்கினார். அந்த நர்ஸுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

மறதிக் காலத்தில் எதையும் கற்பிக்க முடியாது, தெளியும்வரை காத்திருக்க வேண்டும் என்றே வெகு காலம் நம்பிவந்தார்கள். மெல்பர்னில் ஒரு குழு 2018இல் வெளியிட்ட குலுக்கல் ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. மறதிக் காலத்திலேயே இருந்த நோயாளிகளுக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களைத் தவறு நேரவே விடாமல், ஒவ்வொரு படியிலும் முன்கூட்டியே குறிப்புக் கொடுத்துப் பழக்கினார்கள். நேற்று நடந்தது நினைவில் தங்காதவரின் கைகளுக்குச் செயல் பழகிவிடும். நிகழ்ச்சிகளைச் சேமிக்கும் மூளைப் பகுதி வேறு, பழக்கங்களைச் சேமிக்கும் பகுதி வேறு. முன்னது உறங்கும்போதும் பின்னது ஓரளவு வேலை செய்கிறது. மறதிக் காலம் முடிந்தபோதும் டிஸ்சார்ஜின்போதும் இவர்கள் அன்றாடச் செயல்களில் முன்னே இருந்தார்கள், கொந்தளிப்பும் கூடவில்லை. இரண்டு மாதம் கழித்து மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும், தானே உடுத்திக்கொள்ளும் நோயாளியோடு அந்த வாரங்களைக் கழிப்பதற்கும் அப்படி இல்லாதவரோடு கழிப்பதற்கும் உள்ள வேறுபாடு கவனித்துக்கொள்பவருக்குத் தெரியும்.

தவறு நேர விடாமல் கற்பிப்பது என்பதை வீட்டாரும் புரிந்துகொள்ள வேண்டும். "நான் யார் சொல், பார்க்கலாம்!" என்று வருபவர்கள் எல்லோரும் சோதிக்கிறார்கள். நினைவு பதியாதவர் தப்பாக ஒரு பெயரைச் சொன்னால், அந்தத் தப்பான பெயரே பழக்கமாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. "நான் உன் தம்பி, இது மருத்துவமனை, இப்போது காலை நேரம்" என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. இதை எங்களுக்குச் சொல்லித்தந்தது அந்த இரண்டாவது பிரிவுதான். கட்டிலுக்கு எதிரே பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வைத்தார்கள்.

இன்னும் விழிக்காதவர்கள், விழித்தும் தொடர்பு கொள்ள முடியாதவர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் வெளியான, 184 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் அமன்டடின் என்ற மருந்து, கொடுத்த நான்கு வாரங்களில் மீட்சியை விரைவுபடுத்தியது. நிறுத்திய பிறகு வேறுபாடு சுருங்கியது. வாசனை, மணியோசை, தொடுகை என்று புலன்களைத் தட்டி எழுப்பும் பயிற்சிக்கு ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் நான் அதிகம் வலியுறுத்துவது மதிப்பீட்டை. 2009இல் வந்த ஓர் ஆய்வு, வழக்கமான பார்வையில் உணர்வற்றவர் என்று முடிவு செய்யப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினரிடம், கோமா மீட்சி அளவுகோலால் முறையாகச் சோதித்தபோது, சிறிதளவேனும் உணர்வு இருந்ததைக் காட்டியது. ஆகவே ஒரே ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் முடிவை ஏற்காதீர்கள். வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்பச் சோதிக்கக் கேளுங்கள்.

குடும்பத்தின் இடம் பற்றி: பல பிரிவுகளில் தெரபிக் கூடத்தின் கதவு உறவினர்களுக்கு மூடியே இருக்கிறது. கவனம் சிதறும் என்பது காரணம். கொந்தளிப்புக் கட்டத்தில் அது ஓரளவு உண்மை. ஆனால் அந்தப் பத்து மையத் தரவுகளை வைத்து 2019இல் வந்த இன்னோர் ஆய்வு, சிகிச்சை நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது குடும்பத்தார் உடனிருந்த நோயாளிகள், வீடு திரும்பிய முதல் ஆண்டில் வெளியே சென்று பழகுவதில் மேலாக இருந்ததைக் கண்டது. பத்தில் ஒரு பங்கு என்பது வாரத்தில் ஓரிரு அமர்வுகள்தாம். வேலைக்குப் போகும் மகனோ மகளோகூட அதற்கு நேரம் ஒதுக்க முடியும். வீட்டில் எப்படிக் குறிப்புக் கொடுக்க வேண்டும், எப்போது கையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது வாயால் சொல்லி விளங்குவதில்லை. அண்ணி நாலைந்து அமர்வுகளில் உட்கார்ந்த பிறகு, அவர் தடுமாறும்போது பாய்ந்து உதவாமல் மனதுக்குள் பத்துவரை எண்ணக் கற்றுக்கொண்டார். எட்டு ஒன்பதில் பெரும்பாலும் அண்ணனே அடுத்த படியைக் கண்டுபிடித்துவிடுவார்.

எதை வைத்து வெற்றியை அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். பல இடங்களில், அன்றாடச் செயல்களை நோயாளி எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் எஃப்ஐஎம் (FIM) என்ற மதிப்பெண் முறை பயன்பட்டுவந்திருக்கிறது. 18 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7, மொத்தம் 126. அந்த 18இல் 13 உடலியக்கம் சார்ந்தவை, ஐந்துதான் பேச்சும் அறிவும் சார்ந்தவை. தானே உண்டு, குளித்து, படியேறுபவர் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வருவார். அடுப்பை அணைக்க மறப்பதும், தெரியாதவரிடம் பணத்தைத் தூக்கிக் கொடுப்பதும், நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவதும் அதில் அதிகம் தெரியாது. "டிஸ்சார்ஜின்போது என்ன மதிப்பெண்?" என்பதோடு, "உங்களிடமிருந்து போனவர்கள் ஓராண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள், யாராவது கேட்டுப் பார்க்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். கேட்டுப் பார்க்கும் பிரிவு தன் வேலையையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கும்.

இடத்தைப் பார்க்கப் போனால் கூடத்தைவிடக் காலை நேரத்து வார்டைப் பாருங்கள். யார் நோயாளியை உடுத்துகிறார்கள்? நர்ஸ் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிவிட்டு, பத்து மணிக்குக் கூடத்தில் 'உடுத்தும் பயிற்சி' நடந்தால் அங்கே இரண்டு கைகளும் பேசிக்கொள்வதில்லை என்று பொருள். மருத்துவர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், செயல்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் வாரம் ஒரு முறையாவது சேர்ந்து உட்காருகிறார்களா, அந்தக் கூட்டத்தின் முடிவு குடும்பத்துக்குச் சொல்லப்படுகிறதா என்று கேளுங்கள். உளவியலாளரே இல்லாத தலைக்காயப் பிரிவு என்னைப் பொறுத்தவரை பாதிப் பிரிவுதான். அவர் இல்லாமல் கோபத்தையும், தன் குறையை உணராமையையும் யார் கையாள்வது?

கடைசியாக, இடைவெளி. நார்வேயில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு கடுமையான தலைக்காயம் பட்ட 61 பேரைப் பார்த்தது. ஒரு சாராருக்கு ஐசியுவிலேயே மறுவாழ்வு தொடங்கி, அங்கிருந்து நேராக மறுவாழ்வுப் பிரிவுக்குச் சங்கிலி அறாமல் தொடர்ந்தது. மற்றவர்கள் இடையில் வேறு மருத்துவமனைகளில் காத்திருந்து பிறகு வந்தார்கள். ஓராண்டு முடிவில் முதல் சாராரில் 71 விழுக்காட்டினர் நல்ல மீட்சி பெற்றிருந்தார்கள். மற்றவர்களில் 37 விழுக்காட்டினர். இதுவும் குலுக்கல் ஆய்வன்று, எண்ணிக்கையும் சிறியது. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஐசியுவில் இருக்கும்போதே மறுவாழ்வு மருத்துவர் வந்து பார்க்கக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குக் கட்டில் கிடைக்கும்வரை 'வீட்டில் வைத்திருங்கள்' என்று சொன்னால், அந்த நாட்களில் யார் வந்து என்ன செய்வார் என்று கேளுங்கள்.

சேரும் நாளிலேயே வெளியேறும் நாளைப் பற்றியும் பேசிவிடுங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும், வீட்டில் முதல் வாரம் தினமும் என்ன செய்ய வேண்டும், கோபம் கட்டுக்கு மீறினால் எந்த எண்ணை அழைப்பது, வலிப்பு வந்தால் என்ன செய்வது ஆகிய எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அண்ணனுக்குக் கடினமான நாட்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கின. வார்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வீட்டில் விருந்தினர், சத்தம், தானே முடிவெடுக்க வேண்டிய நூறு சிறு விஷயங்கள். அந்த மாதங்களில் எங்களைத் தாங்கியது, இரண்டாவது பிரிவின் சமூகப் பணியாளர் தந்த தொலைபேசி எண்ணும், அவர் தவறாமல் எடுத்துப் பேசியதும்தான். நோட்டை அண்ணன் இன்றும் வைத்திருக்கிறார். பக்கங்கள் தீர்ந்தால் அவரே போய்ப் புதியது வாங்கிவருகிறார்.